பட்டியலில் தொடங்கும் ஆட்டம்

1990 மார்ச் மாதக் கடைசியில் ஈடன் கார்டன்ஸில் ரஞ்சிக் கோப்பை இறுதியாட்டம். எதிரணி டெல்லி. பெங்கால் அணி அதற்கு முன் கோப்பையை வென்றது 1938-39-இல். அரை நூற்றாண்டு காத்திருந்த ஊர் அது. அந்த ஆட்டத்துக்குத்தான் தேர்வாளர்கள் ஒரு மாற்றம் செய்தார்கள். இடக்கை பேட்ஸ்மேன் ஸ்நேகாசிஷ் கங்குலியை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவனைப் போட்டார்கள். பையனின் பெயர் சௌரவ் கங்குலி. ஸ்நேகாசிஷின் கூடப்பிறந்த தம்பி. மழை புகுந்த ஆட்டத்தில் ரன் விகிதக் கணக்கில் பெங்கால் ஜெயித்தது. ஒரே வீட்டில் தம்பிக்கு அறிமுக ஆட்டம், அண்ணனுக்கு வெளியே உட்காரும் நாள். பிற்பாடு இருவரும் பெங்காலுக்குச் சேர்ந்தே ஆடினார்கள். 2022-இல் ஸ்நேகாசிஷ் பெங்கால் கிரிக்கெட் சங்கத்தின் தலைவரானார். 2025 செப்டம்பரில் அவருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்தவரும் தம்பிதான்.

அந்த மாற்றம் சரியா தவறா என்று கிரிக்கெட் காரணங்களை வைத்தே வாதாடலாம். இருவரின் வயதும் தெரியும், ஆட்டமும் தெரியும், எடுத்தவர்கள் யார் என்பதும் தெரியும். சிறுவர் ஆட்டங்களில் எழுதப்படும் பட்டியல்கள் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. பதிவேட்டில் இருக்கும் வயது மெய்தானா, பையன் அந்த ஊர்க்காரன்தானா, அவன் பெயர் யார் சொல்லி உள்ளே வந்தது, பெயர் இருந்தும் ஒரு பந்துகூட ஆடாமல் வீடு திரும்பியவன் எவன் என்ற கேள்விகள் பெரும்பாலும் வெளியே வருவதே இல்லை. விளையாட்டு நேர்மை என்றதும் கைகுலுக்குவதையும் நடுவரிடம் முறைக்காமல் இருப்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். டாஸ் போடுவதற்கு வெகு முன்பே, பெரியவர்கள் பெயர்களை எழுதும்போதே, அந்த நேர்மையின் பெரும்பகுதி தீர்மானமாகிவிடுகிறது.

இந்தக் கேள்வியைக் கேட்க கொல்கத்தாவைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் இல்லை. ராணுவத்தின் பொறுப்பில் இருக்கும் மைதான் புல்வெளியில் கிளப்புகளின் கூடாரங்கள் வரிசையாக நிற்கின்றன. விவேகானந்தா பூங்கா போன்ற இடங்களில் கோச்சிங் கேம்ப்புகள் நடக்கின்றன. விடிவதற்கு முன் கிளம்பும் லோக்கல் ரயில்களில் நாதியா, ஹூக்ளி, வட 24 பர்கானா மாவட்டங்களிலிருந்து கிட் பையோடு பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். பின்னாளில் இந்தியாவுக்காகப் பந்து வீசிய ஜுலன் கோஸ்வாமி அப்படித்தான் சுமார் 80 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சாக்தாவிலிருந்து ரயிலேறி விவேகானந்தா பூங்காவில் ஸ்வபன் சாதுவிடம் பயிற்சிக்கு வந்தார். பேட்டிங் ஆசையோடு வந்த உயரமான பெண்ணிடம் பந்து வீசச் சொன்னவர் அந்தக் கோச். எல்லோருக்கும் அப்படி ஒரு கண் கிடைப்பதில்லை. டிரையல்ஸ் நாளில் கூட்டம் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒரு பையனுக்கு நெட்டில் ஓர் ஓவரோ இரண்டு ஓவரோ கிடைக்கும். அதற்குள் அவன் தன்னை நிரூபித்தாக வேண்டும். அவ்வளவு குறைந்த நேரத்தில் தேர்வாளரின் கண்ணில் முதலில் படுவது திறமை அல்ல, உடம்பு. பதின்மூன்று வயதுக்காரர்களுக்கு நடுவே பதினைந்து வயதுக்காரன் நின்றால், அவன் பந்து வேகமாகத்தான் போகும், அவன் அடி தூரமாகத்தான் விழும்.

வயது மோசடி பிறப்பது இங்கேதான். அதை வெறும் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. பிறப்பைப் பதிவு செய்யும் சட்டம் 1969-லேயே வந்துவிட்டது. ஆனாலும் வீட்டில் பிரசவித்து, பள்ளியில் சேர்க்கும் நாளில் ஆசிரியர் குத்துமதிப்பாகப் போட்ட தேதியே பிறந்த நாளாகிப்போன பிள்ளைகள் ஒரு தலைமுறை முழுக்க இருந்தார்கள். கிராமத்துப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான். அந்தத் தேதி ஒன்றிரண்டு வருடம் முன்னே பின்னே இருப்பதும், கிரிக்கெட்டுக்காகவே புதுச் சான்றிதழ் வாங்குவதும் ஒன்றல்ல. காகிதத்தில் மட்டும் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். 2023-இல் சட்டம் திருத்தப்பட்டு, அந்த ஆண்டு அக்டோபர் முதல் தேதியிலிருந்து பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதலான காரியங்களுக்குப் பிறப்புச் சான்றிதழே ஆவணம் என்றாயிற்று. அந்தக் குழந்தைகள் அண்டர்-13 டிரையல்ஸுக்கு வர இன்னும் பல வருடம் இருக்கிறது.

அதுவரை எலும்பைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. இடது மணிக்கட்டையும் கையையும் எக்ஸ்ரே எடுத்து எலும்புகளின் வளர்ச்சிக்கு மதிப்பெண் போடும் 'டேனர்-வைட்ஹவுஸ் 3' முறையை இந்திய கிரிக்கெட் வாரியம் அண்டர்-16 அளவில் பயன்படுத்துகிறது. ஃபிஃபா 2009-இல் நைஜீரியாவில் நடந்த அண்டர்-17 உலகக் கோப்பையிலிருந்து மணிக்கட்டு எம்.ஆர்.ஐ. எடுக்கிறது, அந்தச் சோதனைக்குப் பிறகு போட்டியை நடத்திய நாடே தன் அணியிலிருந்து பல பையன்களை நீக்க வேண்டி வந்தது. அதே கோப்பை 2017-இல் கொல்கத்தாவுக்கு வந்தது. அக்டோபர் 28 அன்று சால்ட் லேக் மைதானத்தில் 66,684 பேர் பார்க்க, இரண்டு கோல் பின்தங்கியிருந்த இங்கிலாந்து ஸ்பெயினை 5-2 என்று வென்றது. ஆடிய பையன்கள் பையன்களாகவே இருந்தார்கள் என்ற நம்பிக்கைக்கு அந்த மணிக்கட்டுப் படங்களும் ஒரு காரணம். ஆனால் எலும்பு பேசுவது சராசரிக் கணக்கில். ஒரே நாளில் பிறந்த இரண்டு பிள்ளைகளின் எலும்பு வெவ்வேறு வேகத்தில் முற்றலாம். உண்மையைச் சொன்ன பிள்ளை சோதனையில் தோற்றுப்போகும் வாய்ப்பு சிறியதுதான். அந்தப் பிள்ளைக்கு அது சிறியதல்ல. மறுசோதனையும் முறையீட்டு வழியும் இல்லாத எலும்புச் சோதனை, ஒரு அநீதியை நீக்க இன்னொன்றைச் செய்வதாகத்தான் முடியும்.

இந்த விஷயத்தை இந்தியாவில் உரக்கச் சொன்னவர் ராகுல் திராவிட். 2015 டிசம்பரில் பட்டோடி நினைவுச் சொற்பொழிவில், வயதைக் குறைத்துக் காட்டும் பழக்கம் ஆட்டத்துக்கு நஞ்சு என்றார். பெற்றோரும் கோச்சும் சேர்ந்து போலிச் சான்றிதழ் தயாரிப்பதைப் பார்த்து வளரும் பையன் வேறு எதைக் கற்றுக்கொள்வான் என்று அவர் எழுப்பிய கேள்வியில் பழி விழுந்தது பையன் மேல் அல்ல, பெரியவர்கள் மேல். ஏறக்குறைய ஐந்து ஆண்டு கழித்து, 2020 ஆகஸ்டில், சௌரவ் வாரியத் தலைவராக இருந்தபோது ஒரு பொது மன்னிப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. செப்டம்பர் 15-க்குள் தானாக வந்து உண்மை வயதைச் சொல்பவருக்குத் தடை கிடையாது, உரிய வயதுப் பிரிவில் ஆடலாம். மறைத்துப் பிடிபட்டால் இரண்டு ஆண்டுத் தடை. அதற்கு முந்தைய ஆண்டுதான் காஷ்மீரின் வேகப்பந்து வீச்சாளர் ரசிக் சலாம் தவறான சான்றிதழுக்காக இரண்டு ஆண்டு தடை பெற்றிருந்தார். அவர் மீண்டு வந்து ஐ.பி.எல். ஆடினார், எல்லோருக்கும் அந்த மீட்சி வாய்ப்பதில்லை. மன்னிப்புத் திட்டத்தின் அருமை அதன் வழியில் இருக்கிறது. பொய்யை எழுதியவர் பெரியவர். அதைச் சுமந்துகொண்டு ஆடுபவன் பிள்ளை. இறக்கி வைக்க அவனுக்கு ஒரு வழி வேண்டும். சில வாரங்கள் மட்டும் திறந்து மூடிய அந்தக் கதவை ஆண்டுதோறும் திறந்து வைத்திருக்கலாம்.

உலகத்தின் மறுகோடியிலும் இதே கதை உண்டு. அமெரிக்காவில் சிறுவர் பேஸ்பாலுக்கென்று 1939-இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் தொடங்கிய லிட்டில் லீக், ஒவ்வோர் ஆண்டும் ஓர் உலகத் தொடர் நடத்துகிறது. 2001-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி அணிக்காக டேனி அல்மாண்டே என்ற டொமினிகன் பையன் பந்தெறிந்தான். எதிரணியில் ஒருவரைக்கூட ஓட விடாமல் ஓர் ஆட்டத்தையே முடித்தான். பன்னிரண்டு வயது என்றார்கள்; பத்திரிகைக்காரர்கள் டொமினிகன் குடியரசின் பதிவேட்டைத் தேடிப்போய்ப் பார்த்தபோது பதினான்கு. அணியின் மூன்றாம் இடம் பறிக்கப்பட்டது. பையனின் அப்பாவும் அணியை நடத்தியவரும் ஆயுள் முழுக்கத் தடை பெற்றார்கள். பெரியவர்கள் இந்தப் பிள்ளைகளைக் கேவலமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்றார் லீக்கின் தலைவர். 1992-இல் பிலிப்பைன்ஸின் சாம்போவாங்கா அணி, இறுதியாட்டத்தில் 15-4 என்று வென்ற பட்டத்தை இழந்தது. வெளியூர்ப் பையன்களைக் கொண்டுவந்து ஆடியதைக் கண்டுபிடித்து எழுதியவர்கள் பிலிப்பைன்ஸ் நாட்டுச் செய்தியாளர்களே. 2014-இல் அமெரிக்கப் பட்டம் வென்ற சிகாகோவின் ஜாக்கி ராபின்சன் வெஸ்ட் அணியிடமிருந்து அடுத்த பிப்ரவரியில் பட்டம் திரும்ப எடுக்கப்பட்டது. எல்லைக்கு வெளியே குடியிருந்த பையன்களைச் சேர்க்க, வரைபடத்தையே பெரியவர்கள் மாற்றியிருந்தார்கள். அந்தப் பையன்கள் ஆடிய ஆட்டத்தில் குறையில்லை. தெருமுழுக்க ஊர்வலம் விட்டுக் கொண்டாடிய பிள்ளைகள், குளிர்காலத்தில் தொலைக்காட்சி பார்த்துத் தங்கள் பட்டம் போனதை அறிந்துகொண்டார்கள்.

எல்லை தாண்டுவது அங்கே மோசடி. கொல்கத்தாவில் அதே காரியம் பலருக்கு வாழ்வு. உத்தரப் பிரதேசத்தின் அம்ரோகாவைச் சேர்ந்த முகமது ஷமிக்கு அந்த மாநிலத்தின் அண்டர்-19 அணியில் இடம் கிடைக்கவில்லை. கோச் பத்ருதீன் அவரைக் கொல்கத்தாவுக்கு அனுப்பினார். டல்ஹவுசி கிளப்பில் ஆடியவரை தேவவிரத தாஸ் டவுன் கிளப்புக்கு அழைத்துச் சென்று, தன் வீட்டிலேயே தங்கவும் வைத்தார். பீகாரின் கோபால்கஞ்சிலிருந்து வந்த முகேஷ் குமார், கொல்கத்தாவில் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தவரின் மகன். பெங்கால் சங்கம் 2014-இல் தொடங்கிய 'விஷன் 2020' திட்டத்தின் டிரையல்ஸில் தேர்வானார்; 2023-இல் டெஸ்ட் ஆடினார். அதே பீகாரில் சசாராமின் ஆகாஷ் தீப்பும் துர்காபூர் வழியாக வந்து சேர்ந்தவர். இவர்கள் ஆசைக்காக ஊர் மாறவில்லை. ஜார்க்கண்ட் பிரிந்த சில ஆண்டுகளில் தொடங்கி 2018 வரை பீகாருக்கு ரஞ்சி அணியே இல்லை. பத்துக் கோடி மக்கள் வாழும் மாநிலத்தில் பிறந்த பையன் ஆடுவதற்கு வேறு மாநிலம்தான் போக வேண்டியிருந்தது. அதே சமயம், சொந்த மாவட்டத்துப் பையனுக்கு இடம் போயிற்றே என்று ஒரு வங்காள அப்பா வருந்துவதையும் குற்றம் சொல்ல முடியாது. 2020-இன் மன்னிப்புத் திட்டம் வயதுப் பொய்க்கு மட்டும்தான். வசிப்பிடப் பொய்க்கு அதில் இடமில்லை, நேராக இரண்டு ஆண்டுத் தடை. பதிவு செய்து, தகுதிக் காலம் காத்திருந்து, பகிரங்கமாக ஆடுபவனுக்கும் பொய் முகவரியில் நுழைபவனுக்கும் இடையிலான கோடு அதுதான். அந்தக் கோடு நியாயமானதே. ஆனால் ஒரு மாநிலத்துக்கே கதவடைத்துவிட்டு, அங்கிருந்து வந்த பையனிடம் முகவரிச் சான்று கேட்ட அமைப்பு தன் பங்கையும் யோசித்தாக வேண்டும்.

இன்னொரு வகை ஆட்டமும் இருக்கிறது. அதில் பதிவேடே கிடையாது. வங்காளத்தில் அதைக் 'கேப்' என்பார்கள். பாடா எனப்படும் அக்கம்பக்கத்துக் கிளப்புகளும் கிராமத்துக் குழுக்களும் நடத்தும் ஒருநாள், இருநாள் கால்பந்துப் போட்டிகளில் காசு கொடுத்துக் கூட்டிவரும் ஆட்டக்காரர்கள். கேரளத்தின் எழுவர் கால்பந்தான செவன்ஸ் போலவே இங்கும் ஆப்பிரிக்க வீரர்கள்வரை வந்து ஆடுகிறார்கள். அகாடமியில் பதிவான பதினாறு வயதுப் பையன் ஞாயிற்றுக்கிழமை வேறு பெயரில் அங்கே ஆடிச் சம்பாதிப்பது அரிசிக்கும் பூட்ஸுக்கும் ஆகிறது. மேடு பள்ளமான தரையில் முழங்கால் திருகிக்கொண்டால் வைத்தியம் பார்க்க யாரும் இல்லை; கிளப்பில் சொன்னால் பட்டியலிலிருந்து பெயர் போகும். தடை போடுவது சுலபம். அந்தப் பையனின் வீட்டு வருமானத்தைக் கேட்காமல் போடும் தடை பொய்ப் பெயர்களைத்தான் கூட்டும்.

தெருப் போட்டியின் வெறி சென்னைக்கும் புதிதல்ல. பதினான்கு, பதினைந்து வயதில் டென்னிஸ் பந்து இறுதியாட்டத்துக்குக் கிளம்பிய தன்னை நாலு பேர் புல்லட்டில் ஏற்றிக்கொண்டு போய், டீக்கடையில் பஜ்ஜி, வடை வாங்கிக்கொடுத்து உட்கார வைத்ததை ரவிச்சந்திரன் அஸ்வின் 2020-இல் ஒரு பேட்டியில் சொன்னார். எதிரணிக்காரர்கள். ஆடப் போனால் விரலை வெட்டிவிடுவோம் என்றும் மிரட்டியிருக்கிறார்கள். எதிரணியின் பட்டியலையும் தாங்களே எழுதிவிடும் துணிச்சல் அது.

கொல்கத்தாவின் இலக்கியமும் இந்தப் புண்ணைத் தொட்டிருக்கிறது. விளையாட்டுச் செய்தியாளராக இருந்த மோதி நந்தி எழுதிய 'கோனி' நாவலை மேற்கு வங்கத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பாடமாகப் படிக்கிறார்கள். 1984-இல் சரோஜ் தே இயக்கத்தில் சௌமித்ர சட்டர்ஜி நடித்துப் படமாகவும் வந்தது. கோனி ஏழைப் பெண், நீச்சல்காரி. கிளப் சண்டையில் அவள் கோச்சைப் பிடிக்காதவர்கள் அவளைப் பட்டியலில் சேர்க்க மறுக்கிறார்கள். அவளை எடுத்தே ஆக வேண்டும் என்று நிற்பவர் போட்டிக் கிளப்பின் கோச் பிரணபேந்து. தன் மாணவி ஹியாவுக்கே கோனி சவால் என்று தெரிந்தும் நிற்கிறார். மதராஸில் நடக்கும் தேசியப் போட்டிக்கு அழைத்து வந்தும் கோனியைக் கரையிலேயே உட்கார வைக்கிறார்கள். கடைசி ரிலேவில் ஒருத்திக்கு உடம்பு முடியாமல் போகத்தான் கோனி நினைவு வருகிறது. அவமானம் தாங்காத கோனி நீந்த மறுக்கும்போது, இது விளையாட்டுக்காரிக்கு அழகல்ல என்று அவளைக் கடிந்துகொண்டு எழுப்புவது அதே ஹியா. விளையாட்டு நேர்மை ஒரு கோச்சிடமும் ஒரு சிறுமியிடமும் இருந்தது. பெயர்களை எழுதிய நிர்வாகிகளிடம் இல்லை. மோதி நந்தி மைதானை உள்ளிருந்து பார்த்தவர். அதனால்தான் கதை இன்றைக்கும் கசக்கிறது.

களத்துக்குள் நடப்பதைப் பற்றி நாம் பேசுகிற அளவுக்கு வெளியே நடப்பதைப் பற்றிப் பேசுவதில்லை. 2016 பிப்ரவரியில் சட்டோகிராமில் அண்டர்-19 உலகக் கோப்பை ஆட்டம். கடைசி ஓவரில் ஜிம்பாப்வேக்கு மூன்று ரன் தேவை, கையில் ஒரு விக்கெட். பந்து வீசாமலேயே மேற்கிந்தியத் தீவுகளின் கீமோ பால், கோட்டை விட்டு நகர்ந்த ஜிம்பாப்வே ஆட்டக்காரரை ரன்-அவுட் செய்தார். விதிப்படி சரி. ஆனாலும் ஒரு பதின்வயதுப் பையனை உலகமே வைது தீர்த்தது. 2022-இல் அந்த ரன்-அவுட் விதிப் புத்தகத்தில் நியாயமற்ற ஆட்டம் என்ற தலைப்பிலிருந்து சாதாரண ரன்-அவுட் பகுதிக்கு மாற்றப்பட்டது. ஒரு பந்துக்கு அவ்வளவு கோபம். இரண்டு வயதைக் குறைத்துக் காட்டி, தன் வயதுக்காரன் ஒருவனின் இரண்டு பருவங்களைப் பறிப்பவர்மேல் அந்தக் கோபத்தில் பாதிகூட எழுவதில்லை.

எந்தப் பொய்யும் இல்லாத பட்டியலிலும் ஒரு சாய்வு ஒளிந்திருக்கிறது. கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களை வைத்து ரோஜர் பார்ன்ஸ்லியும் உடன் ஆய்ந்தவர்களும் 1985-இல் எழுதியது அது: வயது வரம்பு ஜனவரி ஒன்று என்றால், ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவர்கள்தான் அணிகளில் குவிகிறார்கள். ஒரே பிரிவில் ஏறக்குறைய ஒரு வருடம் மூத்தவன் உடம்பில் பெரியவன். தேர்வாகிறான், நல்ல பயிற்சி பெறுகிறான், உண்மையிலேயே சிறந்தவனாகிறான். இந்திய கிரிக்கெட்டில் வரம்புத் தேதி செப்டம்பர் ஒன்று. ஆகஸ்டில் பிறந்த பையனை ஒரு தேர்வாளர் பார்க்கும்போது அவன் பிறந்த மாதமும் தாளில் இருந்தால், ஓர் ஓவருக்குப் பதில் மூன்று ஓவர் கொடுத்துப் பார்க்கத் தோன்றும். இதற்குச் செலவே இல்லை.

கடைசியாகப் பெஞ்ச். பட்டியலில் பெயர் வந்துவிட்டது, சீருடையும் கிடைத்துவிட்டது, ஆட்டம் மட்டும் கிடைக்கவில்லை. லிட்டில் லீக் இதற்கு விதியே எழுதியது: ஆட்டத்துக்கு வந்த ஒவ்வொரு பிள்ளையும் ஆறு அவுட்டுகளாவது களத்தில் நிற்க வேண்டும், ஒரு முறையாவது மட்டையைப் பிடிக்க வேண்டும். கோச்சுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். திராவிட் இந்தியா ஏ அணிக்குப் பொறுப்பேற்றபோது, தன்னோடு சுற்றுப்பயணம் வருபவர் ஒரு ஆட்டமாவது ஆடாமல் ஊர் திரும்ப மாட்டார் என்று முதலிலேயே சொல்லிவிடுவாராம்; இளம் வயதில் பயணம் போயும் ஆட வாய்ப்பில்லாமல் திரும்பியது அவருக்கு மறக்கவில்லை. ஒரு பையன் ஒரே ஒரு அண்டர்-19 உலகக் கோப்பையில்தான் ஆடலாம் என்ற கொள்கையும் அவர் காலத்தில் வந்ததே. 2018 உலகக் கோப்பையில் சந்தன்நகரின் ஈஷான் போரெல் முதல் ஆட்டத்திலேயே காயப்பட்டார். மாற்றாள் வரவழைக்கப்பட்டும் ஈஷானை வீட்டுக்கு அனுப்பவில்லை. அரையிறுதியில் பாகிஸ்தான் 69 ரன்னில் சுருண்டபோது 17 ரன் கொடுத்து 4 விக்கெட் எடுத்தவர் அவர்தான்.

பெங்கால் சங்கம் சப்-ஜூனியர் பிள்ளைகளுக்கு நடத்தும் அம்பர் ராய் போட்டியில் கோச்சிங் கேம்ப்புகள்தான் அணிகள். அங்கே தொடங்கலாம். அணியில் உள்ள எல்லாப் பெயரும் போட்டி முடிவதற்குள் குறைந்தது இரண்டு ஆட்டம் ஆடியாக வேண்டும். ஆடவில்லையென்றால் அந்த அணிக்குப் புள்ளி குறையும். பட்டியலோடு பிறந்த மாதமும், தேர்வு செய்தவரின் பெயரும், அவருக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் ஏதும் கேம்ப் தொடர்பு உண்டா என்பதும் கூடாரப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். வயதைத் திருத்திச் சொல்ல ஜூன் மாதம் முழுக்க ஒரு மேசை, தண்டனை இல்லாமல். எலும்புச் சோதனையில் தோற்றவனுக்கு வேறு மருத்துவரிடம் மறுசோதனை, செலவு சங்கத்துடையது. அடுத்த பருவத்துக்கான பதிவுப் படிவம் அச்சாவதற்கு முன் இவற்றை அதில் சேர்க்க ஒரு செயற்குழுக் கூட்டம் போதும்.